கடமையைச் சொல்லும் சொற்கள்: இயலாநிலை உரிமைச் சட்டமும் அதன் தமிழும்

1. முன்னுரை

சட்டத் தமிழாக்கங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களைக் கைக்கொள்வர். மூலத்தோடு ஒத்திருத்தல் ஒன்று. தமிழாக ஒழுகுதல் மற்றொன்று. இவ்விரண்டும் இன்றியமையாதனவே. ஆயினும், உரிமை வழங்கும் சட்டங்களைப் பொறுத்தவரை மூன்றாவது அளவுகோல் ஒன்றும் வேண்டப்படுகிறது. அச்சட்டத்தைத் தமிழில் படிக்கும் ஒருவர், தமக்கு உரியது எது, அதனைச் செய்யக் கடமைப்பட்டவர் யார் என்பதை ஐயமின்றி அறிந்துகொள்ள இயல்கிறதா என்பதே அது.

இந்த மூன்றாவது அளவுகோலைக் கொண்டு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறித்துத் தமிழில் வழங்கும் சில கலைச்சொற்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். சுற்றறிக்கை, பணி அறிவிப்பு, பயிற்சிக் கையேடு, செய்தித்தாள் ஆகியவற்றில் வழங்கும் பொதுவான சொல்லாட்சியே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தனிப்பட்ட மொழிபெயர்ப்பாளர் எவரையும் குறைகூறுவது நோக்கமன்று.

கட்டுரையின் கருத்தைச் சுருக்கமாக முன்வைக்கலாம். இயலாநிலையில் உள்ளோரை எப்பெயரால் அழைப்பது என்பதில் தமிழுலகம் பெருங்கவனம் செலுத்தியுள்ளது. அவர்களுக்குப் பணியிடத்தில் பிறர் ஆற்றவேண்டிய கடமையை எச்சொல்லால் குறிப்பது என்பதில் அத்தகைய கவனம் செலுத்தப்படவில்லை. ஒருவரின் வேலை நிலைப்பதும் நீங்குவதும் இரண்டாவது வகைச் சொற்களையே சார்ந்துள்ளன.

2. பெயரின் வரலாறு

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பிறப்பில் நேரும் குறைகளை எட்டு வகையாக எண்ணி, ‘எச்சம்’ என்னும் சொல்லால் சுட்டுகிறார். பிற்காலத்தில் நிலைபெற்ற ‘ஊனம்’ என்பது குறைந்தது எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. ‘அங்கவீனம்’ என்பதும் உறுப்பின்மையையே சுட்டும். இம்மூன்றும் நிறைவான உடலொன்றை அளவாகக் கொண்டு, அதனின்று எவ்வளவு குறைந்தது எனக் காணும் நோக்கில் அமைந்தவை.

1995ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்த முந்தைய சட்டமும் இந்நோக்கினின்று முற்றும் விலகவில்லை. அது ஏழு வகைகளை மட்டும் ஏற்றது. மருத்துவ அதிகாரி சான்றளித்தவாறு நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்பினால் துன்புறுபவர் என்றே உரிமையாளரை வரையறுத்தது. அதன் இந்தித் தலைப்பில் ஆற்றலற்றவர் எனப் பொருள்படும் ‘நிஃசக்த’ என்னும் சொல் இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் 2006-2011 ஆட்சிக் காலத்தில் ‘ஊனமுற்றோர்’ என்பது அரசு வழக்கிலிருந்து நீக்கப்பட்டு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்பது ஆளப்பட்டது. துறையின் பெயரும் அவ்வாறே மாறியது. 2015 டிசம்பரில் பிரதமரின் வானொலி உரையில் முன்மொழியப்பட்ட ‘திவ்யாங்’ என்னும் இந்திச் சொல், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்தித் தலைப்பிலேயே ஏறியது. தெய்வத்தன்மை வாய்ந்த உறுப்பினர் என்னும் பொருள் தரும் அச்சொல்லை இயலாநிலையில் உள்ளோரின் அமைப்புகள் பல எதிர்த்தன. அதனோடு ஒப்பிட, ‘மாற்றுத்திறனாளி’ மக்கள் வழக்கில் எளிதாகக் கலந்துவிட்டது எனலாம்.

பெயர் மாற்றம் பயனற்றது எனக் கூற இடமில்லை. 2024 ஜூலையில் திரைப்படச் சித்திரிப்பு தொடர்பான நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், இழிவுபடுத்தும் சொற்கள் நிறுவனமயமான பாகுபாட்டிற்கு வழிகோலுகின்றன என எடுத்துரைத்தது. விளிப்பெயர் ஒருவரின் மதிப்பைக் காக்கும் என்பது உண்மையே. ஆனால், விளிப்பெயராகப் பிறந்த சொல்லைச் சட்டத்தின் வரையறைச் சொல்லாகவும் கையாளும்போது சிக்கல் எழுகிறது.

3. ஒரு சொல்லுக்குள் மூன்று கருத்துகள்

2016ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. ஏழாக இருந்த வகைகளை அது இருபத்தொன்றாக விரித்தது. இந்த விரிவினும் முதன்மையானது அதன் வரையறையில் நேர்ந்த மாற்றமாகும். உடல், மனம், அறிவு, புலன் ஆகியவற்றில் நெடுங்காலக் குறைபாடு உடைய ஒருவர், தடைகளோடு எதிர்ப்படும்போது, பிறரோடு சமமாகச் சமூகத்தில் முழுமையாகவும் பயனுறவும் பங்கேற்க இயலாமற் போகிறது என்பது அவ்வரையறையின் சாரம். எவை தடைகள் என்பதையும் சட்டம் தனியே விளக்குகிறது. கட்டடமும் சுற்றுச்சூழலும் மட்டுமன்றி, தகவல் தொடர்பு, பண்பாடு, பொருளாதாரம், நிறுவனம், அரசியல், சமூகம், மனப்பான்மை ஆகியவை சார்ந்தனவும் தடைகளாகவே கொள்ளப்படுகின்றன.

இவ்வரையறையில் மூன்று கருத்துகள் தொழிற்படுகின்றன. முதலாவது ஒருவரிடம் உள்ள குறைபாடு. இரண்டாவது அவருக்குப் புறத்தே உள்ள தடை. மூன்றாவது இவ்விரண்டும் சந்திப்பதால் விளையும் நிலை. ஆங்கில மூலம் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இருவேறு சொற்களை ஆள்கிறது. தமிழ் வழக்கிலோ ‘ஊனம்’ விலக்கப்பட்டபின் மூன்றாவதற்கு நிலையான சொல் இல்லை. அவ்வெற்றிடத்தை நிரப்ப, ‘மாற்றுத்திறனாளி’ என்பதிலிருந்து ‘மாற்றுத்திறன்’ பிரித்தெடுக்கப்பட்டது.

இதன் விளைவைச் சில தொடர்களில் காணலாம். நாற்பது விழுக்காட்டுச் சான்றிதழை ‘40 சதவீத மாற்றுத்திறன்’ எனக் குறித்தால், விழுக்காடு உயர உயரத் திறனும் உயர்வதாகச் சொற்பொருள் நிற்கிறது. பணிக்காலத்தில் இயலாநிலைக்கு உள்ளான ஊழியரைப் பணிநீக்கம் செய்தலோ பதவியிறக்கம் செய்தலோ கூடாது என்பது சட்டத்தின் 20ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு. இதனைப் ‘பணிக்காலத்தில் மாற்றுத்திறன் பெற்ற ஊழியர்’ என எழுதினால், புதிய பயிற்சி முடித்துத் தேர்ச்சி பெற்றவர் போலத் தோன்றும். விபத்தில் காலை இழந்த காவலர் ஒருவர் அத்தொடரில் தம்மை அடையாளம் காண்பது அரிது.

இப்பாதுகாப்பு வெறும் ஏட்டுச் சொல்லன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவிலும் இது இடம்பெற்றிருந்தது. கால் துண்டிக்கப்பட்டதால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட காவலர் ஒருவரின் வழக்கில், 2003இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு கட்டாயத் தன்மை உடையது எனத் தீர்ப்பளித்தது. வகித்த பதவிக்கு ஏற்றவராக ஒருவர் இல்லையெனில், அதே ஊதிய விகிதத்தில் வேறு பதவிக்கு மாற்ற வேண்டும். அதுவும் இயலாதெனில், தக்க பதவி கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். இத்துணை திட்பமான கடமையைச் சொல்லும் பிரிவு, அதன் முதற்சொல்லிலேயே வாசகரைத் தடுமாறச் செய்யலாகாது.

மற்றொரு வேறுபாடும் மங்குகிறது. சட்டம் இயலாநிலையில் உள்ளவர் என்றும், வரையளவு இயலாநிலையில் உள்ளவர் என்றும் இருவகையினரைப் பிரிக்கிறது. பின்னவருக்கே நாற்பது விழுக்காடு என்னும் எல்லை பொருந்தும். பணியிட ஒதுக்கீடு பின்னவருக்கு உரியது. பாகுபாட்டிற்கு எதிரான பாதுகாப்போ இருவருக்கும் பொது. எழுதும்போது கைத்தசை இறுகும் குறைபாடு உடைய தேர்வர் ஒருவருக்குச் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்ட விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது. நாற்பது விழுக்காட்டை எட்டாதவருக்கும் அவ்வுதவி உரியதாகலாம் என அத்தீர்ப்பு தெளிவாக்கியது. இருவகையினரையும் ‘மாற்றுத்திறனாளி’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழில் இத்தீர்ப்பின் அடிப்படையை விளக்கவே இயலாது.

4. ‘நியாயமான வசதி’

சட்டத்தின் மையக் கடமையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்பதாகும். குறிப்பிட்ட ஒரு நேர்வில் பொருத்தமற்ற அளவிலோ மிகையாகவோ சுமை ஏற்றாமல், பிறரோடு சமமாக உரிமைகளைத் துய்ப்பதற்குத் தேவையான, தகுந்த மாற்றங்களையும் சரிசெய்தல்களையும் செய்தல் என அது வரையறுக்கப்படுகிறது. அதனை மறுப்பதும் பாகுபாடே எனச் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. அரசின் கீழ் உள்ள ஒவ்வோர் அமைப்பும் தன் ஊழியருக்கு இதனை அளித்தாக வேண்டும் என 20ஆம் பிரிவு விதிக்கிறது.

இத்தொடருக்குத் தமிழில் ‘நியாயமான இடவசதி’, ‘நியாயமான வசதி’, ‘நியாயமான தகவமைப்பு’ என்னும் மூன்று வடிவங்கள் காணப்படுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

‘இடவசதி’ என்பது அகராதியின் முதற்பொருளைப் பற்றிக்கொண்டதன் விளைவு. தங்குமிடம், அமரும் இடம் என்பன அவ்வாங்கிலச் சொல்லின் பழகிய பொருள்கள். சட்டப் பொருள் பின்னர் வந்தது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், ஊழியரின் சமய ஒழுகலாறுகளுக்கு வேலையளிப்போர் இடங்கொடுத்து நடக்க வேண்டும் என விதித்தபோது இச்சொல் அப்பொருளில் ஆளப்பட்டது. பின்னர் 1990ஆம் ஆண்டின் அமெரிக்க இயலாநிலைச் சட்டத்தின் வழியே உலகெங்கும் பரவியது. தமிழில் ‘இட ஒதுக்கீடு’ என்னும் சொல் நெடிய அரசியல் வரலாறு உடையதாதலின், ‘இடவசதி’ என்பதைக் காண்போர் அதனையும் ஒதுக்கீட்டின் ஒரு கூறாகவே கொள்ள நேர்கிறது. ஒதுக்கீடு வேலைக்குள் நுழைவதற்கு உரியது. நான்கு விழுக்காடு என்னும் அதன் அளவும் பலர் அறிந்ததே. நுழைந்தபின் வேலையைச் செய்வதற்கு உரிய உரிமை அந்நான்கு விழுக்காட்டினுள் அடங்காது.

‘வசதி’ என்பது இவற்றுள் மிகுதியாக வழங்குவது, படிப்பதற்கும் எளியது. எனினும் தமிழில் ‘வசதி’ இன்றியும் வாழலாம் என்பதே அச்சொல்லின் உட்பொருள். ‘வசதியானவர்’, ‘வசதிப்படும்போது வாருங்கள்’, ‘நவீன வசதிகள்’ ஆகிய தொடர்களில் அது தேவைக்கு மேற்பட்ட நலத்தையே குறிக்கிறது. பார்வையற்ற எழுத்தர் ஒருவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் கேட்கப்பட்டால், அது அவர் கணிப்பொறியை ஆளும் ஒரே வழியாகும். அதனை ‘வசதி’ என எழுதும்போது, நிதி இருப்பின் பார்க்கலாம் என்னும் விடை எளிதில் பிறக்கிறது.

இவ்வழுவுக்குத் தமிழ் மட்டும் பொறுப்பன்று. பணியில் உள்ள இயலாநிலை ஊழியருக்கென 2014 மார்ச் 31 அன்று மைய அரசின் பணியாளர் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்களின் ஆங்கிலத் தலைப்பே ‘ஃபெசிலிட்டிஸ்’ என்னும் சொல்லைத்தான் ஆண்டது. அதன்பின் வந்த சட்டம் கடமையின் பெயரை மாற்றியது. தமிழ் மாறவில்லை.

‘வசதி’யால் நேரும் மற்றொரு கேடும் உண்டு. சட்டம் அணுகுதன்மை என்பதையும் தனியாள் தேவைக்கேற்ப மாற்றியமைத்தல் என்பதையும் வேறுபடுத்துகிறது. முன்னது அனைவருக்காகவும் முன்கூட்டியே அமைக்கப்படுவது. வாயிலில் உள்ள சாய்தளம் அதற்கு எடுத்துக்காட்டு. பின்னது குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட பணியில் எதிர்கொள்ளும் தடையை நீக்குவது. சிகிச்சைக்குச் செல்லும் ஊழியருக்கு வேலை நேரத்தை மாற்றியமைத்தல் அதற்கு எடுத்துக்காட்டு. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை விரித்துரைத்தது. ‘சாய்தள வசதி’, ‘நியாயமான வசதி’ என இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்குமிடத்து, ‘அலுவலகத்தில் வசதி செய்யப்பட்டுள்ளது’ என்னும் ஒரு வரி இரு கடமைகளுக்கும் விடையாகிவிடுகிறது. சாய்தளம் ஏறி உள்ளே வந்தவர் தம் மேசையில் எவ்வாறு வேலை செய்வார் என்னும் வினா கேட்கப்படாமலேயே போகிறது.

‘தகவமைப்பு’ என்பது சொல்லாக்க நெறிப்படி மூன்றிலும் செப்பமானது. ஆயின் உயிரியல் தமிழில் அச்சொல்லுக்கு நிலைத்த பொருள் உண்டு. பாலைவனத்தில் ஒட்டகமும் நீரில் மீனும் தம்மைச் சூழலுக்கேற்ப அமைத்துக்கொள்வதையே தகவமைப்பு எனப் பள்ளிப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. அங்கு மாறுவது உயிர், மாறாதது சூழல். சட்டம் வேண்டுவது இதற்கு நேர் எதிரானது. ஊழியர் தம்மால் இயன்றவாறு வேலையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே சட்டத்திற்கு முந்தைய நிலை. அதனையே இச்சொல் மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறது.

5. ‘நியாயமான’ என்னும் அடை

பெயரைப் போலவே அடையும் ஆராயத்தக்கது. ‘நியாயமான விலை’, ‘நியாயமான வாடகை’ என்னும் வழக்குகளில் அச்சொல் மிகாத அளவைக் குறிக்கிறது. எனவே ‘நியாயமான வசதி’ என்றவுடன் அளவான வசதி, கட்டுப்படியாகும் வசதி என்னும் பொருள் தோன்றுகிறது. கேட்பவரின் கோரிக்கை நியாயமானதா என்று ஆராயும் உரிமை அதிகாரிக்கு உண்டு என்பதும் உடன் தோன்றுகிறது.

ஐக்கிய நாடுகள் அவையின் இயலாநிலை உரிமைக் குழு 2018இல் வெளியிட்ட ஆறாவது பொதுக் கருத்துரை இதனைத் தெளிவாக மறுத்துள்ளது. அவ்வடை கடமையின் அளவைக் குறைக்கும் சொல்லன்று. செய்யப்படும் மாற்றம் அந்த ஆளுக்குப் பொருந்துகிறதா, உரிய பயனைத் தருகிறதா என்பதையே அது சுட்டும். கடமைக்கு வரம்பு உண்டு. அவ்வரம்பு மிகைச் சுமை பற்றிய தனித் தொடரில் வைக்கப்பட்டுள்ளது. அச்சுமை உண்டு என மெய்ப்பிக்கவேண்டிய பொறுப்பு கடமைப்பட்டவரைச் சாரும். ‘நியாயமான’ என்னும் அடையோ வரம்பைத் தொடக்கத்திலேயே வைத்து, மெய்ப்பிக்கும் பொறுப்பையும் கேட்பவர் தலையில் ஏற்றிவிடுகிறது.

6. பிறமொழிகளில்

2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டு, 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா உறுதியளித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊற்று. அவ்வுடன்படிக்கையின் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிப் பாடங்களும் சம மதிப்புடையவை. ஆங்கிலம் இடங்கொடுத்தலைக் குறிக்கும் சொல்லை ஆண்ட இடத்தில், பிரெஞ்சு ஒழுங்குபடுத்தி அமைத்தலைக் குறிக்கும் ‘அமெனாஜ்மான்’ என்பதையும், ஸ்பானியம் சரிசெய்தல்களைக் குறிக்கும் ‘அஹுஸ்தேஸ்’ என்பதையும் ஆண்டன. சம மதிப்புடைய இவ்விரு பாடங்களும் செய்யப்படும் செயலையே பெயராக்கியிருத்தல் கருதத்தக்கது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லின் உருவகத்திற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஜெர்மன் மொழியின் பட்டறிவு வேறொன்றைக் கற்பிக்கிறது. ஜெர்மன் பேசும் நாடுகளின் அரசுகள் இணைந்து உருவாக்கிய பெயர்ப்பு, ‘இன்க்ளூஷன்’ எனும் கருத்துக்கு ‘இன்டெக்ராட்சியோன்’ என்னும் சொல்லை வைத்தது. ஏற்கெனவே உள்ள அமைப்பில் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தலை இச்சொல் குறிக்கும். அமைப்பே மாறவேண்டும் என்னும் மூலக் கருத்து இதில் இல்லை. அதனை ஏற்காத ‘நெட்ஸ்வெர்க் ஆர்ட்டிகல் 3’ என்னும் அமைப்பு 2009இல் ‘நிழல் மொழிபெயர்ப்பு’ என ஒரு மாற்றுப் பாடத்தை வெளியிட்டது. ஆஸ்திரியா 2016இல் தன் அதிகாரப்பூர்வப் பாடத்தையே திருத்திக்கொண்டது. மொழிபெயர்ப்பால் யார் வாழ்வு தீர்மானிக்கப்படுகிறதோ அவர்களே அதனைத் திறனாய்வு செய்ததும், அரசு ஒன்று செவிசாய்த்ததும் இந்நிகழ்வின் சிறப்பு.

தமிழில் இதே கருத்துக்கு ‘உள்ளடக்கம்’ என்பது சில இடங்களில் ஆளப்படுகிறது. நூலின் பொருளடக்கத்தைக் குறிக்கும் அச்சொல் ‘பணியிட உள்ளடக்கம்’ எனும்போது ஒரு பொருளையும் தருவதில்லை. ‘உள்ளடக்கிய பணியிடம்’ என்பது ஓரளவு பொருள் தரினும், ‘அடக்கு’ என்னும் வினையின் நிழல் அதன்மேல் விழுகிறது. ‘அனைவருக்குமான பணியிடம்’ என எளிய தமிழில் எழுதுவதால் இழப்பேதுமில்லை.

7. வினையும் துணைவினையும்

கலைச்சொல்லைத் திருத்துவதால் மட்டும் குறை தீர்ந்துவிடாது. தமிழ்த் தொடரமைப்பிலும் கடமை கரைந்துபோகும் இடங்கள் உள்ளன.

தமிழில் ‘கொடு’, ‘தா’ ஆகியன துணைவினைகளாக வருங்கால், வினையின் பயன் பிறருக்குச் சேர்வதையும், பெரும்பாலும் செய்பவரின் நல்லெண்ணத்தையும் உணர்த்தும். ‘வழி சொன்னார்’ என்பதற்கும் ‘வழி சொல்லிக் கொடுத்தார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ‘மேசையின் உயரத்தை மாற்ற வேண்டும்’ என்பது கடமை. ‘மேசையின் உயரத்தை மாற்றிக் கொடுக்கலாம்’ என்பது உதவி. நலத்திட்ட அறிவிப்புகளின் நடை நெடுங்காலமாக இரண்டாவது வடிவிலேயே பழகியுள்ளது. துறையின் பெயரிலும் ‘நலம்’ என்பதே நிற்கிறது. உரிமைச் சட்டத்தை அதே நடையில் எழுதுவோர், அறியாமலேயே கடமையைக் கொடையாக மாற்றிவிடுகின்றனர்.

செயப்பாட்டு வினையும் இத்தகையதே. ‘உரிய மாற்றங்கள் செய்யப்படும்’ என்னும் தொடரில் செய்பவர் இல்லை. ‘ஒவ்வோர் அரசு அமைப்பும் உரிய மாற்றங்களைச் செய்தல் வேண்டும்’ என்பதில் எழுவாய் வெளிப்படையாக நிற்கிறது. சட்டத்தின் 20ஆம் பிரிவு எழுவாயோடுதான் தொடங்குகிறது. தமிழில் அதனைத் தொகைநிலையாக மறைத்துவிட இடமில்லை.

அவ்வெழுவாயின் பெயரும் கவனத்திற்குரியது. மூலத்தில் உள்ள ‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’ என்பதை ‘நிறுவனம்’ எனவும், அரசைச் சார்ந்ததை ‘அரசு நிறுவனம்’ எனவும் பெயர்ப்பது வழக்கம். தமிழ்நாட்டு வழக்கில் அரசு நிறுவனம் என்றால் போக்குவரத்துக் கழகம், மின் வாரியம் போன்றனவே நினைவுக்கு வரும்; வட்டாட்சியர் அலுவலகம் வராது. சட்டத்தின் வரையறையோ அரசுத் துறைகளையும் உள்ளாட்சி அமைப்புகளையும் அரசு உதவி பெறும் அமைப்புகளையும் சேர்த்தே கூறுகிறது. ‘அரசு சார் அமைப்பு’ என்பது இவை அனைத்தையும் தழுவும். 21ஆம் பிரிவின் சம வாய்ப்புக் கொள்கை தனியார் அமைப்புகளுக்கும் உரியது என்பதைக் காட்ட, அங்குப் பொதுப்பெயரை அடையின்றி ஆள வேண்டும்.

8. பணி அறிவிப்பின் மொழி

பணி அறிவிப்புகளில் வேறொரு மொழி வழங்குகிறது. ஒவ்வொரு பதவிக்கும் அமர்தல், நிற்றல், நடத்தல், குனிதல், பார்த்தல், கேட்டல், படித்தல், எழுதுதல் ஆகிய வினைகள் சுருக்கெழுத்துகளால் பட்டியலிடப்படுகின்றன. அவற்றின் அருகே ஒரு கால், ஒரு கை, இரு கால் என ஆட்கள் உறுப்புகளால் வகுக்கப்படுகின்றனர். ஒரு பக்கம் வினைகள், மறுபக்கம் உறுப்புகள். இவ்விரண்டையும் இணைக்கும் மூன்றாவது பத்தி அங்கு இல்லை. படித்தல் என்னும் வினையைக் கண்ணால்தான் செய்ய வேண்டுமா, செவியாலும் விரலாலும் செய்யலாமா என்னும் வினாவே அம்மூன்றாவது பத்தி. மாற்றியமைத்தல் என்னும் கடமை அங்குதான் தொழிற்பட வேண்டும்.

அப்பத்தி இல்லாமையால் நேர்வதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. உரிமையியல் நீதிபதிப் பணிக்கான அறிவிப்பொன்று, பார்வைக் குறைபாடு நாற்பது முதல் ஐம்பது விழுக்காட்டிற்குள் உள்ளவர்க்கே ஒதுக்கீடு எனக் கூறியது. அதனினும் மிகுந்த குறைபாடு உடைய வழக்குரைஞர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வரம்பை ஏற்றது. 2021ஆம் ஆண்டின் விகாஷ் குமார் தீர்ப்போ, முந்தைய தீர்ப்பு மாற்றியமைத்தல் கோட்பாட்டைக் கருத்திற்கொள்ளவில்லை என்றும், அதனை முன்மாதிரியாகக் கொள்ள இயலாது என்றும் உரைத்தது. 2025 மார்ச் 3 அன்று, பார்வைக் குறைபாட்டை மட்டுமே காரணமாகக் காட்டி எவரையும் நீதிப்பணியினின்று விலக்கலாகாது எனத் தீர்ப்பாயிற்று. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றம் அனைத்தும் அந்த ஒரு தொடரைச் சுற்றியே நடந்தது. அத்தொடர் தமிழில் ‘நியாயமான இடவசதி’ என நிற்குமானால், இவ்வரலாற்றைத் தமிழில் படிப்பவருக்கு எது மாறியது என்பதே விளங்காது.

9. சில பரிந்துரைகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் பின்வரும் சொற்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆளைக் குறிக்கும் பொதுப்பெயராக ‘மாற்றுத்திறனாளி’ நீடிக்கலாம். உரியோர் பலர் ஏற்ற பெயரை மொழியியலார் பறிக்க வேண்டியதில்லை. சட்டத்தின் உட்பிரிவுகளில் ஒருவரிடம் உள்ளதைக் ‘குறைபாடு’ எனவும், தடையோடு கூடி விளைவதை ‘இயலாநிலை’ எனவும் குறிக்கலாம். ‘இயலாமை’ ஒருவரின் பண்பாக நிற்கும். ‘இயலாநிலை’ சூழல் மாறினால் மாறக்கூடிய நிலையாக நிற்கும். நாற்பது விழுக்காட்டு எல்லையுடையதை ‘வரையளவு இயலாநிலை’ எனலாம்.

மையக் கடமைக்குத் ‘தக்க மாற்றியமைப்பு’ என்பது பொருந்தும். ‘தக்க’ என்பது பொருத்தத்தைச் சுட்டும், சிக்கனத்தைச் சுட்டாது. ‘மாற்றியமை’ என்னும் வினை செயப்படுபொருளை வேண்டுவது. எதனை மாற்றியமைப்பது என்னும் வினா உடன் எழும். வேலை நேரத்தை, கருவியை, தேர்வு முறையை என விடையும் வரும். ஆளை என்னும் விடை அங்கு வராது.

இதற்கு எதிராகக் கூறத்தக்க கருத்து ஒன்று உண்டு. ‘வசதி’ அனைவரும் அறிந்த சொல். ‘மாற்றியமைப்பு’ அலுவலகத்தில் பழகாதது. பழகிய சொல்லே உரிமையைக் கேட்பவருக்கு எளிது என்பர். இக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ‘இட ஒதுக்கீடு’, ‘பணிக்கொடை’, ‘வைப்பு நிதி’ ஆகியனவும் ஒருகாலத்தில் பழகாதனவே. உரிமை பழகியபோது அச்சொற்களும் பழகின. எளிமைக்காகப் பொருளை விடுவதைவிட, பொருளுடைய சொல்லை எடுத்துக்காட்டோடு எளிமையாக்குவதே மொழிபெயர்ப்பாளர் கடன்.

10. முடிவுரை

1973ஆம் ஆண்டின் மைய அரசுச் சட்டங்களுக்கான அதிகாரப்பூர்வப் பாடங்கள் சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியிடப்படும் மாநில மொழிப் பெயர்ப்புகள் அதிகாரப்பூர்வப் பாடங்களாகவே கொள்ளப்படும். ஆகவே சட்டத் தமிழாக்கத்தை ஆங்கிலத்திற்குத் துணைநூல் என எண்ணிச் சொற்களைத் தளர்வாகக் கையாள்வது முறையாகாது. சொற்களை இறுதி செய்யும் குழுக்களில் சட்ட வல்லுநரும் மொழியியலாரும் இருப்பதுபோல, இயலாநிலையில் உள்ள ஊழியரும் இடம்பெறுதல் வேண்டும். ஒரு கோரிக்கை மனுவில் எச்சொல்லை எழுதினால் அது உதவி கேட்பதாகக் கொள்ளப்படுகிறது, எச்சொல்லை எழுதினால் உரிமை கேட்பதாகக் கொள்ளப்படுகிறது என்பதை நாள்தோறும் கண்டறிபவர் அவரே.